வடிதாளில் ஒரு ரத்தப் பொட்டு
ஓமலூர் வட்டார ஆய்வக நுட்புநர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆய்வக நுட்புநர்களே, சுகாதார ஆய்வாளர்களே, கிராம சுகாதார செவிலியர்களே,

ஓமலூர், காடையாம்பட்டி, தாரமங்கலம், மேச்சேரி, நங்கவள்ளி ஒன்றியங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், காய்ச்சல் என்று வருபவரின் விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் எடுப்பவர்கள் நீங்கள். உங்களிடம் இந்த மடல் கேட்பது ஒன்றே ஒன்றுதான். மலேரியா என்று உறுதியாகும் ஒவ்வொருவரிடமும், முதல் மாத்திரை கொடுக்கும் முன், ஒரு வடிதாளில் இரண்டு சொட்டு ரத்தம் வாங்கி உலர்த்தி வையுங்கள். அந்த ரத்தத்தில் உள்ள ஒட்டுண்ணியின் மேற்பரப்புப் புரத மரபணுக்களைப் படித்துச் சொல்லும் ஏற்பாட்டைத் துறையிடம் கேட்டு வாங்குங்கள். மலேரியா இவ்வளவு குறைந்துவிட்ட காலத்தில் இது எதற்கு என்று உடனே தோன்றும். குறைந்துவிட்டதால்தான் இது வேண்டும் என்பது என் வாதம். அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக வைக்கிறேன்.

உங்கள் கண் பார்ப்பதிலிருந்தே தொடங்கலாம். ஜே.எஸ்.பி. சாயம் ஏறிய தடவலை எண்ணெய் லென்ஸின் கீழ் வைத்தால், ஒட்டுண்ணியின் உட்கரு சிவப்புப் புள்ளியாகவும் உடல் நீலக் கீற்றாகவும் தெரியும். சிவப்பணு பெருத்து, அதற்குள் ஒட்டுண்ணி ஒழுங்கற்றுப் பரவிக் கிடந்தால் பி.வி., அதாவது வைவாக்ஸ். மெல்லிய மோதிரமும் வாழைப்பழ வடிவமும் தென்பட்டால் பி.எஃப்., ஃபால்சிபாரம். பதிவேட்டில் அந்த இரண்டு எழுத்து விழுந்ததும் என்ன மருந்து, எத்தனை நாள் என்பது முடிவாகிவிடுகிறது. உயிரைக் காப்பாற்ற அது போதும். அந்த வேலையில் ஒரு தேர்ந்த நுட்புநரின் கண்ணுக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் ஓமலூரில் ஒருவர் ரத்தத்தில் உள்ள வைவாக்ஸும் தாரமங்கலத்தில் இன்னொருவர் ரத்தத்தில் உள்ள வைவாக்ஸும் தடவலில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டும் ஒரே வகையா, ஒருவரைக் கடித்த கொசுவின் வழியாக மற்றவருக்கு வந்ததா, அல்லது ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாமல் இரண்டு ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவையா என்பதைச் சாயமும் லென்ஸும் சொல்ல முடியாது. அந்த வேறுபாடு ஒட்டுண்ணி போர்த்தியிருக்கும் புரதப் போர்வையில் இருக்கிறது.

அந்தப் போர்வையை நெருங்கிப் பார்ப்போம். வைவாக்ஸ் புகுந்த சிவப்பணு ஒன்று வெடிக்கும்போது பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு வரை புதிய ஒட்டுண்ணிகள் ரத்தத்தில் சிதறுகின்றன. மீரோசோயிட் என்று சொல்லப்படும் இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்கும். அடுத்த சிவப்பணுவுக்குள் நுழையும் வரை இவை திறந்த வெளியில் நிற்கின்றன. அதுவும் சில நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். நம் உடலின் எதிர்ப்பொருட்கள் இவற்றைப் பிடிக்கக் கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களில் எதிர்ப்பொருளின் கையில் சிக்கக்கூடியவை மேற்பரப்புப் புரதங்கள். அவற்றில் பெரியது எம்.எஸ்.பி.-1. அது முழுசாக இருந்துவிட்டு, நுழையும் நேரத்தில் துண்டு துண்டாக வெட்டப்படுகிறது. கடைசியில் உள்ள சின்னஞ்சிறு துண்டு மட்டும் ஒட்டுண்ணியோடு சிவப்பணுவுக்குள் போகிறது. மற்றவை கழன்று ரத்தத்தில் மிதக்கின்றன. உள்ளே போகும் துண்டு ஒட்டுண்ணிக்கு ஒட்டுண்ணி அதிகம் மாறுவதில்லை. வெளியே கழன்று விழும் பகுதிகளில்தான் மாற்றம் மலிந்து கிடக்கிறது. ஃபால்சிபாரத்தின் எம்.எஸ்.பி.-1இல் ஒரே ஒரு பகுதியை எடுத்துக்கொண்டாலே அது கே1, மேட்20, ஆர்ஓ33 என்று மூன்று குடும்பங்களாகப் பிரிகிறது. ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் நீளம் மாறிய கிளைகள் பல. எம்.எஸ்.பி.-2க்கு இரண்டு பெருங்குடும்பங்கள் உண்டு. வைவாக்ஸிலும் இதே கதைதான். கொசுவின் உமிழ்நீரோடு உடலுக்குள் வரும் நிலையில் அது போர்த்தியிருக்கும் சி.எஸ்.பி. புரதம் வி.கே.210, வி.கே.247 என்று இருவகை, எம்.எஸ்.பி.-3 ஆல்ஃபா என்ற மரபணுவின் நீளமும் வெட்டுப் புள்ளிகளும் நோயாளிக்கு நோயாளி மாறுகின்றன.

இத்தனை வேறுபாடு எங்கிருந்து வருகிறது? முதல் இடம் கொசுவின் வயிறு. ஒட்டுண்ணியின் ஆணும் பெண்ணும் சேர்வது அங்கேதான். கொசு உறிஞ்சிய ரத்தத்தில் இரண்டு வகை ஒட்டுண்ணி இருந்தால், அவை கலந்து இரண்டுக்கும் பிறந்த புதுச் சேர்க்கைகள் வெளிவரும். மலேரியா மிகுந்த இடங்களில் ஒருவர் உடலிலேயே பல வகைகள் இருப்பது வழக்கமான ஒன்று என்பதால் இந்தக் கலப்பு ஓயாமல் நடக்கிறது. அடுத்தது, இந்தப் புரதங்களில் ஒரே சிறு துணுக்கு திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். மரபணுவைப் படியெடுக்கும்போது அந்த இடங்களில் துணுக்கு ஒன்று கூடும், ஒன்று குறையும். இப்படி உருவானவற்றில் எது நிலைக்கும் என்பதை முடிவு செய்வது நம் உடல்தான். பலருக்கும் பழகிப்போன முகம் எளிதில் பிடிபடுகிறது. அரிய முகம் தப்பிப் பெருகுகிறது. அது பெருகிப் பரவலானதும் அதற்கும் எதிர்ப்பொருள் உருவாகி அதுவும் பிடிபடத் தொடங்குகிறது. அதற்குள் வேறொன்று தலையெடுக்கும். எந்த வகையும் முழுதாக அழிவதில்லை, எந்த வகையும் முழுதாக ஆள்வதும் இல்லை. ஒடிசாவின் காட்டுக் கிராமங்களில் குழந்தைகள் மீண்டும் மீண்டும் காய்ச்சலில் விழுவதற்கும், பல ஆண்டுகள் பல வகைகளைச் சந்தித்த பெரியவர்கள் ஒட்டுண்ணியைச் சுமந்துகொண்டே காய்ச்சல் இல்லாமல் நடமாடுவதற்கும் இது ஒரு முக்கியக் காரணம். நம் பக்கம் நிலைமை வேறு. மலேரியாவைப் பார்க்காமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்ட ஊரில், வெளியிலிருந்து வரும் எந்த முகமும் எல்லோருக்கும் புதுமுகம்தான்.

நம் மாநிலத்தில் பெரும்பாலும் காணப்படுவது வைவாக்ஸ் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உலகின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்த வைவாக்ஸ் மரபணுத் தொகுப்புகளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2012இல் ‘நேச்சர் ஜெனிடிக்ஸ்’ இதழில் வந்தது. அவற்றில் ஒன்று இந்தியாவில் எடுத்தது. ஃபால்சிபாரத்தைவிட வைவாக்ஸில் மரபணு வேறுபாடு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று அந்த ஆய்வு காட்டியது. அதற்கு முன்பே, 2006இல், கொல்கத்தா நோயாளிகளிடம் எடுத்த வைவாக்ஸை எம்.எஸ்.பி.-3 ஆல்ஃபா, சி.எஸ்.பி. உள்ளிட்ட அடையாளங்களைக் கொண்டு பிரித்தபோது, ஒரே நகரத்துக்குள் வியக்கத்தக்க அளவு வகைகள் இருப்பது தெரிந்தது. சென்னையிலும் ஒடிசாவின் ரூர்கேலாவிலும் குஜராத்தின் நடியாத்திலும் தேசிய மலேரியா ஆராய்ச்சி நிறுவனம் நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2010இலிருந்து நடத்திய பெருந்திட்டமும் இதையொட்டிய கேள்விகளைத்தான் எடுத்துக்கொண்டது. ஆய்வுகள் வேறு ஊர்களில் நடக்கின்றன. சேலம், நாமக்கல் சமவெளியின் ஒட்டுண்ணிகளை இப்படி வரிசையாகப் பதிவு செய்யும் வழக்கம் நம்மிடம் இல்லை.

இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பதைத் தடுப்பூசி ஆய்வுகளைப் போல வேறு எதுவும் காட்டியதில்லை. பப்புவா நியூகினியில் 120 குழந்தைகளிடம் ஒரு தடுப்பூசியைச் சோதித்தார்கள். அதில் இருந்த எம்.எஸ்.பி.-2, 3டி7 என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. தடுப்பூசி பெற்ற குழந்தைகளிடம் ஒட்டுண்ணியின் அடர்த்தி 62 விழுக்காடு குறைந்தது. 3டி7 வகை அருகியது. ஆனால் அதே குழந்தைகளுக்கு எஃப்சி27 என்ற மற்றக் குடும்பத்தால் வந்த காய்ச்சல் கூடியது. 2002இல் வெளியான அந்த முடிவு, ஒரு கதவை அடைத்தால் ஒட்டுண்ணி அடுத்த கதவால் வரும் என்பதை ரத்தத்திலேயே காட்டியது. அடுத்து ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், ஏ.எம்.ஏ.-1 என்ற புரதத்தைக் கொண்ட தடுப்பூசியை 400 குழந்தைகளிடம் சோதித்தார்கள். மொத்தமாகப் பார்த்தால் பாதுகாப்பு 17.4 விழுக்காடு, புள்ளியியல் கணக்கில் அது ஒரு பலனே இல்லை. தடுப்பூசியில் இருந்த வகையோடு பொருந்தும் ஒட்டுண்ணிகளை மட்டும் தனியே எடுத்தால் 64.3 விழுக்காடு. மூன்றாவது, இன்று ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்குப் போடப்படும் ஆர்.டி.எஸ்.,எஸ். தடுப்பூசி. 2015இல் அதன் சோதனைத் தரவுகளை மரபணு வரிசையோடு சேர்த்துப் பார்த்தபோது, ஐந்து முதல் பதினேழு மாதக் குழந்தைகளிடம் ஓராண்டுப் பாதுகாப்பு, பொருந்தும் ஒட்டுண்ணிக்கு எதிராக 50.3 விழுக்காடு, பொருந்தாததற்கு எதிராக 33.4 விழுக்காடு என்று வந்தது. அந்தக் கணக்கில் பொருந்திய தொற்றுகள் 139, பொருந்தாதவை 1,951. தடுப்பூசிக்குத் தேர்ந்தெடுத்த முகம் களத்தில் சிறுபான்மையாக இருந்தது.

அந்த முகம் எங்கிருந்து வந்தது என்பது நமக்கும் ஒரு பாடம். என்.எஃப்.54 என்று பெயரிடப்பட்ட அந்த ஒட்டுண்ணி, நெதர்லாந்தின் ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அருகே வசித்த ஒரு நோயாளியிடமிருந்து எடுக்கப்பட்டது. அவர் நாட்டை விட்டு வெளியே போனதில்லை. விமானத்தோடு வந்த கொசு கடித்திருக்க வேண்டும் என்றே முடிவு செய்தார்கள். ஒட்டுண்ணியின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. உலகின் ஆய்வகங்களில் இன்று வளர்க்கப்படும் 3டி7 அதன் வாரிசு. புனேயில் சீரம் நிறுவனம் தயாரிக்கும் ஆர்21 தடுப்பூசியும் அதே மூலத்தின் புரதத்தைத்தான் தாங்கியிருக்கிறது. இரண்டு தடுப்பூசிகளும் ஃபால்சிபாரத்துக்கு மட்டுமே. வைவாக்ஸுக்கு உரிமம் பெற்ற தடுப்பூசி இதுவரை ஒன்றும் இல்லை. நாளை ஒன்று வருமானால், நம் மக்களின் உடலில் ஓடும் வகைகளோடு அது பொருந்துமா என்று யாராவது கேட்க வேண்டும். விடை சொல்ல நம்மிடம் பதிவு இருக்க வேண்டும்.

தடுப்பூசி நாளைய கதை. இன்றைய தேவை இன்னும் நெருக்கமானது. 2027க்குள் உள்ளூரில் தொற்றும் மலேரியாவைப் பூஜ்ஜியமாக்குவது, 2030க்குள் ஒழிப்பது என்பது இந்தியாவின் இலக்கு. உலக சுகாதார நிறுவனம் சான்று தர வேண்டுமானால் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உள்ளூர்த் தொற்று ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெளியிலிருந்து வந்த நோயாளிகள் இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஆகவே இனி ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் எழும் கேள்வி ஒன்றுதான்: இது இங்கே தொற்றியதா, அங்கே தொற்றி இங்கே வந்ததா? இப்போது அதற்கு விடை பயண விவரத்தை வைத்து எழுதப்படுகிறது. கடந்த சில வாரங்களில் எங்கே போனீர்கள் என்று கேட்டு, ஒடிசா என்றால் ஒரு கட்டத்தில் குறி, எங்கும் போகவில்லை என்றால் இன்னொரு கட்டத்தில் குறி. நம் மாவட்டங்களில் இந்தக் கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைப்பதில்லை. திருச்செங்கோட்டின் போர்வெல் வண்டிகள் சத்தீஸ்கருக்கும் ஜார்க்கண்டுக்கும் போகின்றன. ஆப்பிரிக்கா வரையும் போகின்றன. சங்ககிரி, நாமக்கல் லாரி ஓட்டுநர் மாதத்தில் எத்தனை மாநிலத்தில் இரவு தூங்கினார் என்பது அவருக்கே கணக்கில் இருக்காது. விசைத்தறிக் கூடங்களிலும் கோழிப்பண்ணைகளிலும் செங்கல் சூளைகளிலும் கிழக்கு மாநிலத்துத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இத்தனை பேர் போக்குவரத்துக்கு நடுவே ஒரு கட்டத்தில் போட்ட குறி எவ்வளவு உறுதியானது?

மேற்பரப்புப் புரத மரபணு இங்கேதான் கைகொடுக்கிறது. ஒரே தெருவில் ஒரு மாதத்துக்குள் மூன்று பேருக்கு வைவாக்ஸ் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூவரிடமும் எம்.எஸ்.பி.-1, எம்.எஸ்.பி.-3 ஆல்ஃபா, சி.எஸ்.பி. மூன்றும் ஒரே வகையாக இருந்தால், அந்தத் தெருவின் மாடித் தொட்டியிலோ கிணற்றிலோ ஸ்டீபன்சி கொசு வளர்ந்து ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கொண்டு போயிருக்கிறது என்று சந்தேகிக்க வலுவான காரணம் உண்டு. மூவரிடமும் மூன்று வெவ்வேறு வகைகள் இருந்தால், மூவரும் தனித்தனியே வெளியிலிருந்து கொண்டுவந்திருக்கும் வாய்ப்பே அதிகம். முதல் விடை வந்தால் மூடியில்லாத தொட்டிகளைத் தேடி வீடு வீடாக ஏற வேண்டும். இரண்டாவது விடை வந்தால் தொழிலாளர் தங்கும் இடங்களில் காய்ச்சல் கணக்கெடுப்பை இறுக்க வேண்டும். இருக்கும் சில பணியாளர்களை எங்கே அனுப்புவது என்பது அந்த விடையைப் பொறுத்தது. இந்த முறை புதிதும் அல்ல. ஃபால்சிபாரத்துக்கு மருந்து கொடுத்து 28 நாளுக்குள் மீண்டும் ஒட்டுண்ணி தென்பட்டால், மருந்து தோற்றதா, புதிதாகக் கொசு கடித்ததா என்று பிரிக்க உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகப் பரிந்துரைப்பது எம்.எஸ்.பி.-1, எம்.எஸ்.பி.-2 மரபணுக்களை முன்னும் பின்னும் ஒப்பிடுவதைத்தான். தடுப்பூசியை ஏமாற்றும் அதே வேறுபாடு, ஒட்டுண்ணியை அடையாளம் காட்டவும் செய்கிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் சில கனமானவை. வைவாக்ஸ் கல்லீரலில் உறங்கும் என்பது முதல் மறுப்பு. ஆறு மாதம் முன்பு ஜார்க்கண்டில் கடித்த கொசுவின் ஒட்டுண்ணி ஓமலூரில் விழித்துக் காய்ச்சல் தரலாம். அப்படி விழிப்பது முதல் காய்ச்சலில் கண்ட வகையாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே ஒரு நோயாளியின் ஒரு பொட்டை மட்டும் வைத்து அவருக்கு எங்கே தொற்றியது என்று தீர்ப்பு எழுத முடியாது. இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது ஒரு பொட்டின் குறை. பல பொட்டுகள் சேரும்போது, எந்த வகைகள் ஒன்றாக வருகின்றன, எவை தனித்து வருகின்றன என்ற கோலம் தெரியும். உறங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணியைக் கொல்ல பிரைமாகுயின் 14 நாள் முழுதாக விழுங்கப்பட்டதா என்ற உங்கள் பதிவும் அதோடு சேர்ந்தால் கோலம் இன்னும் தெளியும். இரண்டாவது மறுப்பு மரபணு அறிஞர்களுடையது. மேற்பரப்புப் புரதங்கள் நம் எதிர்ப்பாற்றலின் அழுத்தத்தில் மாறுபவை. அதனால் ஒடிசாவிலும் சென்னையிலும் ஒரே வகை தனித்தனியாக நிலைத்திருக்கலாம். பூர்வீகத்தைக் கண்டுபிடிக்க அழுத்தம் படாத வேறு மரபணு அடையாளங்களே நல்லவை என்பார்கள். சரியான பேச்சு. அதே உலர்ந்த பொட்டில் அந்த அடையாளங்களும் இருக்கின்றன, இரண்டையும் படிக்கலாம். பூர்வீகத்துக்கு அவை, எதிர்ப்பாற்றலும் தடுப்பூசியும் எந்த முகத்தைச் சந்திக்கப் போகின்றன என்று அறிய இவை. ஒன்றுக்காக மற்றதை விட வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்பு செலவு. வடிதாளும் ஜிப் கவரும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சில ரூபாய்ச் சமாசாரம். எம்.எஸ்.பி. வகை பிரிப்பதற்குப் பெரிய இயந்திரம் வேண்டியதில்லை, பி.சி.ஆர். கருவியும் ஜெல் ஓட்டும் வசதியும் உள்ள கல்லூரி ஆய்வகமே செய்துவிடும். கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூரில் அரசின் கொசு ஒழிப்பு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. முழு வரிசையையும் படிக்க வேண்டுமானால், கொரோனா காலத்தில், 2021இல், சென்னையில் மாநிலப் பொது சுகாதார ஆய்வகத்தில் மரபணுப் பகுப்பாய்வுக் கூடமே திறக்கப்பட்டது. கருவி மாநிலத்துக்குள் இருக்கிறது. ஓமலூரின் ஒட்டுண்ணி அங்கே போய்ச் சேரும் பாதைதான் இல்லை. நோயாளிகள் மிகக் குறைவு, இதில் என்ன ஆராய்ச்சி என்று சொல்வோருக்கும் ஒரு வார்த்தை. ஆயிரக்கணக்கில் நோயாளிகள் இருக்கும் ஊரில் சிலரைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆய முடியும். யாரை விட்டோம் என்ற சந்தேகம் எப்போதும் இருக்கும். நோயாளிகள் குறைந்த ஊரில் ஒருவரையும் விடாமல் பதிவு செய்யலாம். 2011இல் தமிழ்நாட்டில் ஆண்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல் இருந்த மலேரியா இப்போது சில நூறுகளுக்கு இறங்கியிருக்கிறது. முழுமையான பதிவு கைக்கெட்டும் தூரத்தில் வந்திருப்பது இப்போதுதான்.

நான்காவது மறுப்பை நான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக நினைக்கிறேன். வெளியிலிருந்து வந்த வகை என்று ஒரு காகிதம் சொன்னால், பிழைக்க வந்த ஒடிசா, பீகார் தொழிலாளியை ஊர் விரட்டாதா? காய்ச்சல் வந்தாலும் அவர் உங்களிடம் வரப் பயந்து ஒளிந்துகொள்ள மாட்டாரா? இந்த அபாயம் உண்மையானது. அதனால்தான் பொட்டின் மேல் பெயர் இருக்கக் கூடாது, குறியெண்தான் இருக்க வேண்டும். அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். மறுத்தால் சிகிச்சையில் ஒரு துளி குறையும் இருக்கக் கூடாது. முடிவு வட்டார மருத்துவ அலுவலரைத் தாண்டி ஊர்ப் பேச்சுக்கு வரக் கூடாது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் முதல் பொட்டையே எடுக்கக் கூடாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். போர்வெல் வண்டியில் போய்வரும் திருச்செங்கோட்டுக்காரரும் லாரியில் போய்வரும் சங்ககிரிக்காரரும் அதே ஒட்டுண்ணியைத்தான் கொண்டுவருகிறார்கள். ஒட்டுண்ணியைக் கொண்டுவந்தது யார் என்ற பேச்சு ஒருவரையும் குணப்படுத்தப் போவதில்லை. அது பரவக் கூடிய தொட்டி எங்கே திறந்து கிடக்கிறது என்பதைத்தான் நாம் தேடுகிறோம்.

மலேரியாதான் போய்விட்டதே என்பது ஐந்தாவது மறுப்பு. இதற்கு வரலாறு பதில் சொல்லும். சுதந்திரத்தின்போது ஆண்டுக்கு ஏழரைக் கோடி நோயாளிகள், எட்டு லட்சம் சாவுகள் என்று கணக்கிட்ட நாடு இது. 1961இல் அது 49,151 நோயாளிகளாகக் குறைந்தது. 1976இல் 64 லட்சத்தைத் தாண்டியது. நூறு மடங்குக்கு மேல் திரும்பி வந்தது. இலங்கையில் 1963இல் வெறும் 17 பேர். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கானோர். அதே இலங்கை விடாமல் உழைத்து, 2012 அக்டோபரில் கடைசி உள்ளூர் நோயாளியைக் கண்டு, 2016 செப்டம்பரில் சான்று பெற்றது. 2018 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து உள்ளூர்க் கொசு வழியாக உள்ளூர்க்காரர் ஒருவருக்கு வைவாக்ஸ் தொற்றியது அங்கே உறுதியானது. அந்த ஒற்றைத் தொற்றை விடாமல் துரத்திப் பிடித்ததால் அது அங்கேயே நின்றது. நம் பக்கத்து மேட்டூர் அணையின் வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று இருக்கிறது. 1934இல் அணை முடிந்து புதுக் கால்வாய்கள் வழியே நீர் பட்டுக்கோட்டைப் பக்கம் பாய்ந்தபோது, அங்கே மலேரியாவும் பெருகியது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரஸ்ஸல் வந்து வீடு வீடாகப் பைரித்ரம் தெளிக்கும் அளவுக்கு நிலைமை போனது. நீர் எங்கே தேங்குகிறது, மனிதர் எங்கே போகிறார் என்பது மாறும்போதெல்லாம் ஒட்டுண்ணிக்கு வழி திறக்கிறது. சமவெளியில் இரண்டும் இப்போதும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

ஒரு பொட்டு ரத்தம் எவ்வளவு காலம் பேசும் என்பதற்கும் ஒரு சான்று இருக்கிறது. ஸ்பெயின் நாட்டின் ஈப்ரோ ஆற்று முகத்துவாரத்தில் 1940களில் ஒரு மருத்துவர் மலேரியா நோயாளிகளிடம் எடுத்த தடவல்கள் சிலவற்றைக் குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் மலேரியா ஒழிந்துவிட்டது. அந்த ஒட்டுண்ணிகளும் உலகில் இல்லை. எழுபது ஆண்டுக்குப் பின் அந்தக் கண்ணாடித் துண்டுகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அங்கே இருந்த ஃபால்சிபாரம் இன்றைய இந்திய வகைகளுக்கு நெருங்கிய உறவு என்று 2016இல் தெரிந்தது. தடவலிலிருந்து மரபணுவைப் படிக்க முடியும் என்று அந்த மருத்துவருக்கு அன்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவர் செய்தது, கண்ணாடியைத் தூக்கி எறியாமல் வைத்தது மட்டுமே. உங்கள் நிலையங்களில் பழைய பாசிட்டிவ் தடவல்கள் எங்காவது பெட்டியில் கிடந்தால், கழுவி மறுபடி பயன்படுத்தும் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

வேலைப்பளு உங்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் என்பதை அறிந்தே கேட்கிறேன். டெங்கு, காசநோய், கர்ப்பிணிப் பதிவு, இணையத்தில் ஏற்ற வேண்டிய படிவங்கள் என்று நாள் போய்விடுகிறது. இந்த ஒரு வேலை அதில் நாள்தோறும் வரப் போவதில்லை. பாசிட்டிவ் வரும் நாளில் மட்டும், இரண்டு நிமிடம். மருந்து எக்காரணத்துக்காகவும் மரபணு முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். தடவல் சொன்னபடி அன்றே தொடங்குங்கள். வட்டார அளவிலான அடுத்த மாதாந்திரக் கூட்டத்தில், மலேரியா பாசிட்டிவ் ரத்தப் பொட்டுகளைச் சேகரித்து அனுப்ப நெறிமுறை அனுமதியும் ஒரு ஆய்வகப் பெயரும் வேண்டும் என்று வட்டார மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். அனுமதி கிடைத்த பின், விரலிலிருந்து வரும் இரண்டாவது, மூன்றாவது சொட்டை வடிதாளில் வட்டமாகப் படியவிடுங்கள். தாளைக் கையால் தொடாமல், மின்விசிறிக்கு நேரே வைக்காமல், ஈ மொய்க்காத நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். குறியெண், தேதி, படிவ எண் மூன்றையும் பென்சிலில் எழுதுங்கள், மை ஊறும். சிலிக்கா ஜெல்லோடு தனிக் கவரில் போட்டு மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் ஜெல் நிறம் மாறினால் மாற்றுங்கள். முதல் கவர் எந்த நிலையத்திலிருந்து கிளம்பினாலும் சரி, அது கிளம்பட்டும்.

அன்புடன்,
உங்கள் பணியை மதிக்கும் ஒருவர்